பொது மருத்துவத்தில் அக்குபங்சர்: புதிதாகத் தொடங்கும் மருத்துவருக்கு

முழங்கால் வலியோடு எழுபது வயதுக்காரர் ஒருவர் வருகிறார். வலி மாத்திரையான டைக்ளோஃபினாக் கொடுக்கலாம் என்றால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு இடம் தரவில்லை. பாரசிட்டமால் போதவில்லை. உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தாயிற்று, ஒழுங்காகச் செய்கிறார், ஓரளவுக்குத்தான் பலன். மூட்டு மாற்று அறுவைக்கு இன்னும் காலம் இருக்கிறது. "வேற ஏதாவது இருக்கா டாக்டர்?" என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாத நாட்கள் நிறைய இருந்தன. அக்குபங்சர் கற்றுக்கொள்ள நான் போனது அதற்காகத்தான்.

பொது மருத்துவராக இருந்துகொண்டே தன் நோயாளிகளுக்கு ஊசிச் சிகிச்சையும் தர விரும்புகிறவருக்காக இதை எழுதுகிறேன். ஊசியைக் கையில் பிடிக்கச் சில வாரங்களில் பழகிவிடலாம். எந்த நோயாளிக்கு வேண்டாம் என்று சொல்வது, பலன் இல்லாதபோது எப்போது நிறுத்துவது என்பதற்குத்தான் நாள் பிடிக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் ஊசி குத்தும் புள்ளிகளைவிட அந்த இரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஆதாரம்: எவ்வளவு நம்பலாம்?

நோயாளியிடம் நேர்மையாகப் பேச வேண்டுமானால் ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆய்வுகள் இரண்டு கேள்விகளுக்குத் தனித்தனியாக விடை தேடியிருக்கின்றன. ஊசி போட்டுக்கொண்டவர்கள், போட்டுக்கொள்ளாதவர்களைவிட நன்றாக இருக்கிறார்களா என்பது ஒன்று. உண்மையான ஊசி, ஒப்பிடுவதற்காகப் பேருக்குப் போடும் போலி ஊசியைவிட மேலானதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கிடைக்கும் விடை தெம்பு தருகிறது. இரண்டாவதற்கு அவ்வளவு இல்லை.

ஜெர்மனியில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2007இல் வெளிவந்தது. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 1162 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மரபுப் புள்ளிகளில் ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்கும், புள்ளி இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதம் பேருக்கும் நல்ல பலன் தெரிந்தது. மருந்தும் உடற்பயிற்சியுமான வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம் பேருக்குத்தான் தெரிந்தது. இந்த மூன்று எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் நடக்கும் சண்டை முழுவதும் இவற்றுக்குள் அடங்கியிருக்கிறது. ஒருவர் முதலாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டு "வேலை செய்கிறது" என்பார். இன்னொருவர் முதலாவதையும் இரண்டாவதையும் ஒப்பிட்டு "போலிக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை" என்பார்.

நாள்பட்ட வலியில் 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 பேரின் தனித்தனித் தரவுகளையும் ஒன்றுசேர்த்து 2018இல் ஒரு பகுப்பாய்வு வந்தது. முதுகு, கழுத்து, தோள் வலிகளிலும், மூட்டுத் தேய்மானத்திலும், நாள்பட்ட தலைவலியிலும் ஊசி போட்டவர்கள் போடாதவர்களைவிடத் தெளிவாகவே மேல். போலி ஊசியைவிடவும் மேல்தான், ஆனால் அந்த இடைவெளி சிறியது. ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதில் ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட மதிப்பாய்வும் இதே மாதிரிதான் சொல்கிறது. தலைவலி வரும் தடவைகள் பாதியாகக் குறைந்தது ஊசி போட்டவர்களில் 41 சதவீதம் பேருக்கு, வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 17 சதவீதம் பேருக்கு.

பொது மருத்துவருக்கு நேரடியாக உதவுவது 2004இல் பிரிட்டனில் முடிந்த ஓர் ஆய்வு. பொது மருத்துவர்களிடம் நாள்பட்ட தலைவலியோடு வந்த 401 பேரில் ஒரு பாதிக்கு மூன்று மாதத்தில் அதிகபட்சம் 12 தடவை ஊசி போட்டார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு ஆண்டுக்கு 22 நாள் தலைவலி குறைந்தது. மாத்திரையும் 15 சதவீதம் குறைந்தது.

இதே ஆதாரங்களைப் பார்த்துவிட்டு வழிகாட்டிக் குழுக்கள் நேர்எதிராகவும் முடிவு செய்திருக்கின்றன. கீழ்முதுகு வலிக்கு அக்குபங்சர் தர வேண்டாம் என்றது பிரிட்டனின் நைஸ் அமைப்பு, 2016இல். மருந்துக்கு முன்னால் முயன்று பார்க்கக்கூடியவற்றில் இதையும் சேர்த்தது அமெரிக்க மருத்துவர் கல்லூரி, 2017இல். மூட்டுத் தேய்மானத்துக்கு வேண்டாம் என்று 2022இல் சொன்ன அதே நைஸ், இறுக்கத் தலைவலியைத் தடுக்க 5 முதல் 8 வாரங்களில் 10 அமர்வுகள் வரை தரலாம் என்று 2012இல் சொல்லியிருக்கிறது. உங்கள் நாட்டு வழிகாட்டி என்ன சொல்கிறது என்று பாருங்கள். அதற்கு மாறாக நீங்கள் ஏதாவது செய்தால், ஏன் செய்தீர்கள் என்று குறிப்பில் எழுதி வையுங்கள்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை ஆபத்தில்லாதது, நோயாளிக்கு வேறு நல்ல வழி குறைவு, பலன் இல்லையென்றால் சீக்கிரம் நிறுத்திவிடலாம் என்றால் முயன்று பார்ப்பதில் தவறில்லை. அந்த எழுபது வயதுக்காரருக்கு இன்னொரு வலி மாத்திரையைவிட ஊசி பாதுகாப்பானது. ஆனால் புற்றுநோயைக் குணப்படுத்தும், சர்க்கரை நோயைப் போக்கும், குழந்தைப் பேறு தரும் என்று சொல்லிக்கொண்டு ஊசியை எடுப்பவரோடு என்னால் உடன்பட முடியாது. நீங்களும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பயிற்சியும் அனுமதியும்

கட்டுரை படித்து ஊசி போட முடியாது. இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நேரில் ஒருவர் உங்கள் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். நீங்கள் அவருக்கும், அவர் உங்களுக்கும் குத்திப் பழக வேண்டும். தன் உடம்பில் ஊசி வாங்காத மருத்துவர் நோயாளிக்கு அதை எப்படி விளக்குவார்?

உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட பயிற்சி நெறிமுறை, தன் மருத்துவத்தில் அக்குபங்சரை ஒரு பகுதியாகச் சேர்க்க விரும்பும் மருத்துவருக்கு 200 மணி நேரப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. மருத்துவர்களுக்கான அடிப்படை வகுப்புகள் சில வார இறுதிகளில் முடிந்துவிடும். அதை நுழைவாயிலாக எடுத்துக்கொள்ளுங்கள். மீதி நேரத்தை அனுபவமுள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புங்கள்.

மெரிடியன் என்கிற பாதைகளையும் 'சி' என்கிற ஆற்றலையும் நம்ப வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம்பாமலும் செய்யலாம். ஊசி நரம்பு முனைகளைத் தூண்டுகிறது, அதனால் தண்டுவடத்தில் அதே மட்டத்தில் வலிச் செய்தி மட்டுப்படுகிறது, மூளையில் வலியைத் தணிக்கும் உடம்பின் சொந்த ஓபியாய்டுகள் சுரக்கின்றன என்பது மேற்கத்திய மருத்துவம் படித்தவருக்குப் புரியும் மொழி. ஓபியாய்டுகளைத் தடுக்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்தால் ஊசியின் வலிநிவாரணம் குறைகிறது என்று 1970களிலேயே காட்டியிருக்கிறார்கள். ஆனால் பழைய புள்ளிப் பெயர்களையும் எண்களையும் கற்றே ஆக வேண்டும். குறிப்பு எழுதவும் மற்றவரோடு பேசவும் அவைதான் பொது மொழி. மொத்தம் 361 புள்ளிகள். தொடக்கத்தில் பதினைந்து போதும்.

அப்புறம், மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: உங்கள் பதிவு ஆணையம் இதை அனுமதிக்கிறதா, உங்கள் தொழில்முறைக் காப்பீடு ஊசிச் சிகிச்சையையும் உள்ளடக்குகிறதா, நீங்கள் வேலை செய்யும் இடத்தின் பொறுப்பாளர் சம்மதிக்கிறாரா. வாய்ச்சொல் போதாது.

யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது

முதல் வருடம் ஆறு நோய்களோடு நின்றுவிடுங்கள். இறுக்கத் தலைவலி, ஒற்றைத் தலைவலி, கழுத்துவலி, நாள்பட்ட கீழ்முதுகு வலி, முழங்கால் தேய்மானம், தசை முடிச்சால் வரும் தோள்பட்டை வலி. இவற்றில் பலன் கண்ணுக்குத் தெரியும், உங்களுக்கும் கை பழகும். குமட்டலுக்கு மணிக்கட்டுக்கு மேலே உள்ள பிசி 6 புள்ளி உதவும் (எழுத்து மெரிடியன் பாதையையும் எண் அதிலுள்ள புள்ளியையும் குறிக்கும்). அதை ஊசி இல்லாமல் விரலால் அழுத்தவும் நோயாளிக்கே சொல்லிக் கொடுக்கலாம்.

நம்முடைய பலம் நாம் மருத்துவர் என்பதுதான். அதை ஊசி எடுக்கும் ஆர்வத்தில் கைவிட்டுவிடக் கூடாது. முதுகுவலிக்காரருக்கு எடை குறைகிறதா, இரவில் வலி எழுப்புகிறதா, சிறுநீர் மலத்தில் கட்டுப்பாடு போய்விட்டதா, தொடை இடுக்கில் மரத்துப்போகிறதா என்று கேட்டீர்களா? ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி வந்தவருக்கு அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் இரத்தப் பரிசோதனை பார்த்தீர்களா? ஊசி வலியைக் குறைக்கும். காரணம் தெரியாத வலியைக் குறைத்தால் காரணம் மறைந்துகொள்ளும். நான் ஆரம்பத்தில் ஒருவருடைய தோள்வலிக்கு நான்கு வாரம் ஊசி போட்டேன். கொஞ்சம் குறைந்தது போலவும் இருந்தது. மார்பு எக்ஸ்ரே எடுத்தபோதுதான் நுரையீரலின் உச்சியில் கட்டி தெரிந்தது. முதல் நாளே எடுத்திருக்க வேண்டிய படம் அது. அந்த நான்கு வாரத்தை அவருக்கு என்னால் திருப்பித் தர முடியவில்லை. அன்றிலிருந்து நோய் இன்னதென்று முடிவாகாத வலிக்கு நான் ஊசியைத் தொடுவதில்லை.

வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்கள்: ஊசிக்குப் பயந்து மறுப்பவர், ஒப்புதல் தர இயலாதவர், கட்டுக்குள் வராத இரத்தப்போக்கு நோய் உள்ளவர், வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துபோனவர். நிணநீர் வீக்கம் உள்ள கை கால், தொற்று உள்ள தோல், கட்டி இருக்கும் இடம், செயற்கை மூட்டு, மார்பில் வைத்த செயற்கைப் பொருள் ஆகிய இடங்களில் குத்தக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவருக்கு மின்சாரம் இணைத்த ஊசி ஆகாது, சாதாரண ஊசி போடலாம். வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு அளவு கட்டுக்குள் இருந்தால் மேலோட்டமாகப் போடலாம். ஆழமான தசைகளைத் தவிர்த்து, எடுத்த பிறகு நன்றாக அழுத்திப் பிடியுங்கள். இதய வால்வு பழுதானவருக்குத் தோலிலேயே விட்டுவிடும் நிரந்தர ஊசிகளை வைக்காதீர்கள்.

கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை, அனுபவம் வரும்வரை வேண்டாம் என்பதே என் அறிவுரை. ஊசியால் கெடுதல் வந்ததற்கு வலுவான ஆதாரம் இல்லைதான். ஆனாலும் முதல் மூன்று மாதத்தில் கரு கலைவது இயல்பாகவே அடிக்கடி நடக்கும். அதற்கு முந்தின நாள் நீங்கள் ஊசி போட்டிருந்தால், அந்தத் தாய் வாழ்நாள் முழுவதும் அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பார்.

சாமான், அறை, நேரம்

வாங்க வேண்டியது குறைவு. ஒரு தடவை மட்டும் பயன்படுத்தி எறியும், கிருமி நீக்கிய ஊசிகள்: 0.25 மிமீ தடிமனில் 30 அல்லது 40 மிமீ நீளமுள்ளவை பெரும்பாலான இடங்களுக்குப் போதும். கைக்கும் முகத்துக்கும் 0.20 மிமீ தடிமனில் 15 மிமீ. வழிகாட்டிக் குழாயோடு வருவதை வாங்குங்கள், ஆரம்பத்தில் அது பெரிய உதவி. ஊசிக் கழிவு போடும் கெட்டியான டப்பா, பஞ்சு, கை கழுவும் வசதி, உயரம் ஏற்றி இறக்கும் படுக்கை, நோயாளி கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு மணி. ஊசியைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தும் எண்ணம் யாருக்கும் வரவே கூடாது.

சிக்கல் நேரத்தில்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு நோயாளி என்று ஓடும் இடத்தில் இருபது நிமிடம் ஊசியோடு படுத்திருப்பவரை எங்கே வைப்பது? எனக்கு ஒத்துவந்த வழி இரண்டு அறைகள். ஒன்றில் ஊசி போட்டுவிட்டு அடுத்த அறையில் இன்னொருவரைப் பார்ப்பேன். நோயாளி தனியாக விடப்படவில்லை, செவிலியர் கதவருகில் இருப்பார். இரண்டாவது அறை இல்லாதவர்கள் வாரத்தில் ஒரு அரைநாளை ஊசிக்கென்று ஒதுக்கிவிடுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் ஐந்தாறு பேரை ஒரே அறையில் நாற்காலியில் உட்கார வைத்து ஒரே நேரத்தில் பார்ப்பதும் நன்றாக நடக்கிறது. அவர்களுக்குள் பேச்சு ஓடும், உடற்பயிற்சியையும் அங்கேயே சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் யார் யாருக்கு எத்தனை ஊசி என்ற கணக்கு அங்கேதான் எளிதில் தவறும்.

சாதாரண ஆலோசனை நேரத்துக்கு நடுவில், "சரி, இப்பவே ரெண்டு ஊசி போட்டுப் பார்ப்போம்" என்று தொடங்காதீர்கள். அவசரத்தில் செய்யும்போதுதான் ஒப்புதலும் எண்ணிக்கையும் விட்டுப்போகின்றன.

ஒப்புதல் வாங்கும் பேச்சு

நான் ஏறக்குறைய இப்படிச் சொல்வேன்: "உங்களுக்கு இருக்கிறது இன்னது என்று தெரிந்துவிட்டது. மெல்லிய ஊசிகளை இந்த இந்த இடங்களில் போட்டுப் பத்து முதல் இருபது நிமிடம் வைப்பேன். மருந்து எதுவும் உள்ளே போகாது. சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதே இல்லை. உங்களுக்கு எப்படி என்று நான்கைந்து தடவைக்குள் தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால் நிறுத்திவிடலாம்."

அடுத்து ஆபத்து. ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கவனித்து 2009இல் வெளியான ஆய்வில் 8.6 சதவீதம் பேர் ஏதாவது ஒரு பக்கவிளைவைச் சொன்னார்கள். பெரும்பாலும் சிறு இரத்தக்கசிவு, கன்றிப்போதல், வலி, மயக்கம் வருவது போன்ற உணர்வு. நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தது இரண்டு பேருக்கு. இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். "மிக மிக அரிது, ஆனால் நடந்திருக்கிறது" என்று சொன்னதால் யாரும் என்னிடம் எழுந்து போனதில்லை. ஊசி முடிந்ததும் தூக்கம் வரலாம், முதல் தடவை வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு நாள் வலி கொஞ்சம் கூடிப் பிறகு குறையலாம். இதைச் சொல்லாவிட்டால் நோயாளி பயந்துபோய் இரண்டாவது தடவை வரமாட்டார்.

முதல் அமர்வு

1. சாப்பிட்டாரா என்று கேளுங்கள். வெறும் வயிற்றோடு வந்தவருக்கு முதல் ஊசி வேண்டாம்.

2. படுக்க வையுங்கள். முதல் தடவை யாரையும் உட்கார வைத்துக் குத்தாதீர்கள். மயங்கி விழுவது பெரும்பாலும் முதல் தடவையில்தான், அதிலும் திடகாத்திரமான இளைஞர்கள்தான் விழுகிறார்கள்.

3. கை கழுவுங்கள். தோல் பார்வைக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். ஊசியின் தண்டை விரலால் தொடக் கூடாது.

4. புள்ளியை விரலால் தேடுங்கள். புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு வெறும் அடையாளம். அழுத்தினால் நோயாளி முகம் சுளிக்கும் இடம், விரலுக்குப் பள்ளமாகவோ முடிச்சாகவோ தட்டுப்படும் இடம், அதுதான் நீங்கள் தேடுவது. அளவுக்கு நோயாளியின் விரல்களையே பயன்படுத்துவார்கள்: அவருடைய கட்டைவிரல் அகலம் ஒரு சுன் (சீன அளவு), நான்கு விரல் சேர்ந்த அகலம் மூன்று சுன். முழங்காலுக்குக் கீழே உள்ள எஸ்டி 36 என்ற புள்ளி, முழங்கால் சில்லின் வெளிப்பக்கக் குழியிலிருந்து மூன்று சுன் கீழே, காலின் முன்பக்க எலும்பின் (டிபியா) விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே.

5. குழாயை வைத்துத் தட்டுங்கள். தோலைத் தாண்டுவது ஒரு நொடி. பிறகு குழாயை எடுத்துவிட்டு மெதுவாக உள்ளே செலுத்தி, இலேசாகத் திருகுங்கள். நோயாளி கனம், விண்ணென்ற இழுவை, மந்தமான வலி என்று ஏதாவது சொல்வார். சீனத்தில் இதைத் 'தெ சி' என்கிறார்கள். அது வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். சுரீரென்று மின்சாரம் போல் ஓடினால் நரம்பைத் தொட்டிருக்கிறீர்கள், உடனே பின்னால் இழுங்கள்.

6. முதல் நாள் நான்கு ஊசிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடத்துக்கு மேலும் வேண்டாம். சிலருக்கு மிகக் குறைந்த தூண்டலே போதும். அவர்களுக்கு முதல் நாளே பத்து ஊசி போட்டால் இரண்டு நாள் படுத்துவிடுவார்கள்.

7. போட்ட எண்ணிக்கையை அப்போதே எழுதுங்கள். எடுக்கும்போது எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும்வரை நோயாளி எழக் கூடாது.

முழங்காலுக்கு எஸ்டி 36, எஸ்பி 9, எஸ்பி 10, கூடவே மூட்டைச் சுற்றி அழுத்தினால் வலிக்கும் தசைப் புள்ளிகள். சில்லின் இரு பக்கக் குழிகளிலும் குத்தச் சொல்லும் முறை ஒன்று உண்டு. ஊசி மூட்டுக்குள்ளேயே போய்விடக்கூடும், மூட்டில் தொற்று வந்தால் பெரிய தொல்லை, அதனால் புதியவர்கள் அதை விட்டுவிடலாம். தலைவலிக்குப் பிடரியில் உள்ள ஜிபி 20, கையில் எல்ஐ 4, பாதத்தில் எல்ஆர் 3. ஜிபி 20இல் ஆழம் போகாதீர்கள், உள்ளே முதுகெலும்புத் தமனியும் மூளைத்தண்டும் இருக்கின்றன. முதுகுவலிக்கு வலிக்கும் மட்டத்தில் முதுகெலும்பின் பக்கத் தசைகளும், பிட்டத்தின் மேல்பகுதியில் உள்ள முடிச்சுகளும்.

நுரையீரலை மறக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். அக்குபங்சரில் நடக்கும் கடுமையான விபத்துகளில் திரும்பத் திரும்ப வருவது நியூமோதொராக்ஸ், அதாவது நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுவது. தோளின் மேல் விளிம்பில் உள்ள ஜிபி 21 புள்ளிக்குக் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. மெலிந்தவருக்குப் பத்து இருபது மில்லிமீட்டர் ஆழத்திலேயே ஊசி அதைத் தொட்டுவிடும். கழுத்துவலிக்கும் தலைவலிக்கும் எல்லோரும் முதலில் போக விரும்பும் புள்ளியும் அதுதான்.

அந்தத் தசையை விரல்களுக்கிடையில் கிள்ளித் தூக்கிப் பிடியுங்கள். ஊசி கீழ்நோக்கிப் போகக் கூடாது. தூக்கிய தசையின் ஊடாக, உங்கள் விரலை நோக்கிக் கிடைமட்டமாகப் போக வேண்டும். தசையைத் தூக்க முடியாத அளவுக்கு மெலிந்தவரா? அந்தப் புள்ளியை விட்டுவிடுங்கள், கையிலும் காலிலும் போட்டாலும் பலன் இருக்கிறது. தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் உள்ள இடத்தில் சாய்வாக, மேலோட்டமாக மட்டும். விலா எலும்புகளுக்கு இடையில் எப்போதும் வேண்டாம். மார்பெலும்பின் மேல் குத்தினால் அடியில் எலும்புதானே இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். நூற்றில் ஐந்து பேர் அளவில் அந்த எலும்பின் கீழ்ப்பகுதியில் பிறவியிலேயே ஓட்டை இருக்கும், அதற்குப் பின்னால் இதயம். அங்கேயும் தோலோடு படிந்தாற்போலத்தான் ஊசி போக வேண்டும்.

அறிகுறி உடனே வராமலும் இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சில மணி நேரம் கழித்து மார்புவலியும் மூச்சிரைப்பும் தொடங்கலாம். ஆகவே கழுத்து, தோள், மேல்முதுகில் ஊசி போட்ட ஒவ்வொருவரிடமும் "மூச்சு வாங்கினாலோ மார்பு குத்தினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், ஊசி போட்டுக்கொண்டேன் என்று சொல்லுங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். அந்தக் கடைசி வரிதான் அங்கே இருக்கும் மருத்துவரை எக்ஸ்ரே எடுக்க வைக்கும்.

சின்னச் சின்ன விபத்துகள்

முகம் வெளுத்து வியர்த்தால் எல்லா ஊசிகளையும் எடுத்துவிட்டுக் காலை உயர்த்துங்கள், சில நிமிடத்தில் சரியாகிவிடும். ஊசி தசையில் இறுகிக்கொண்டு வரவில்லையென்றால் பிடித்து இழுக்காதீர்கள். திருகியதற்கு எதிர்ப்பக்கம் இலேசாகத் திருப்பிப் பாருங்கள், சுற்றிலும் தடவிக் கொடுங்கள், பேச்சுக் கொடுத்துக் காத்திருங்கள். அப்படியும் வராவிட்டால் ஓர் அங்குலம் தள்ளி இன்னொரு ஊசி போட்டால் தசை விட்டுக்கொடுக்கும். ஊசி வளைந்திருந்தால் வளைந்த போக்கிலேயே எடுக்க வேண்டும். ஒடிவது இந்தக் காலத்து ஊசிகளில் அபூர்வம். நடந்தால் நோயாளியை அசையவிடாமல், முனை தெரிந்தால் ஃபோர்செப்சால் எடுங்கள். தெரியாவிட்டால் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு அறுவை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஊசியை மறந்து விடுவது வேறு. அது நம் தவறு. காதுக்குப் பின்னால் முடிக்குள், பாதத்தில் துணிக்கடியில், இப்படித்தான் மறந்துபோகும். ஒரு நோயாளியின் முடிக்குள் நான் விட்ட ஊசியை அவருடைய மகள் தலை வாரும்போது கண்டுபிடித்தார். காயம் எதுவும் இல்லை. நான் நேரில் மன்னிப்புக் கேட்டேன், நடந்ததைக் குறிப்பில் எழுதினேன். எண்ணிக்கையை எழுதும் பழக்கம் அன்று தொடங்கியதுதான்.

எத்தனை தடவை, எப்போது நிறுத்துவது

வாரம் ஒரு தடவையாக ஆறு வாரம் என்று தொடங்குங்கள். ஒவ்வொரு வருகையிலும் கடந்த தடவைக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டு அதற்கேற்ப அளவை மாற்றுங்கள். இரண்டு நாள் நன்றாக இருந்து திரும்பி வந்ததா? நல்ல அறிகுறி, அதே அளவைத் தொடருங்கள், அந்த இரண்டு நாள் நான்காகும், ஒரு வாரமாகும். ஒன்றுமே தெரியவில்லையா? ஊசியைக் கூட்டுங்கள், நேரத்தை இருபது நிமிடமாக்குங்கள். மோசமாகிவிட்டதா? பாதியாகக் குறையுங்கள்.

நோயாளிகள் நம் மனம் நோகக் கூடாதென்று "கொஞ்சம் பரவாயில்லை" என்பார்கள். அந்தச் சொல்லை நம்பி ஓராண்டு ஓட்டிவிடலாம். அதனால் முதல் நாளே அவருக்கு முக்கியமான ஒரு செயலை அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மாடிப்படி ஏறுவது, பேரனைத் தூக்குவது, இரவில் முழித்துக்கொள்ளாமல் தூங்குவது. அதையும் வலியையும் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். சாப்பிடும் வலி மாத்திரைகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது தடவை பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள். எண் நகரவில்லையென்றால் நிறுத்துங்கள். "உங்கள் உடம்பு இதற்குக் கேட்கவில்லை, இது உங்கள் தவறும் இல்லை, வேறு வழி பார்ப்போம்" என்று சொல்லி அந்த வேறு வழியை அன்றைக்கே பேசுங்கள். ஊசி நிற்பதோடு மருத்துவர் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று அவருக்குத் தோன்றக் கூடாது.

பலன் கிடைத்தவருக்கு இடைவெளியை நீட்டுங்கள்: இரண்டு வாரம், நான்கு வாரம், ஆறு வாரம். பலருக்கு அதோடு போதும். சிலருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தேவைப்படும்.

ஒவ்வொரு அமர்வுக்கும் குறிப்பு: தேதி, புள்ளிகள், எந்தப் பக்கம், ஊசி எண்ணிக்கை, எவ்வளவு நேரம், எடுத்த எண்ணிக்கை, பக்கவிளைவு. இரண்டு வரியில் முடிந்துவிடும்.

மின்சாரம் இணைத்த ஊசி, காது ஊசி, தோலில் ஒட்டிவிடும் சிறு ஊசி, மூலிகை எரித்துச் சூடு காட்டுவது என்று இன்னும் நிறைய இருக்கின்றன. முதல் ஆண்டில் அவை தேவையில்லை. காதில் விட்டுவைக்கும் ஊசியால் குருத்தெலும்பில் தொற்று வந்து காதின் வடிவமே கெட்ட கதைகள் உண்டு.

முதல் பத்து நோயாளிகளை நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பல வருடங்களாக உங்களிடம் வருபவர்கள், நோய் என்னவென்று சந்தேகமில்லாதவர்கள், பலன் இல்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடும் இயல்புள்ளவர்கள். பத்துப் பேரின் தாள்களையும் ஒன்றாக வைத்து, உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரோடு உட்கார்ந்து ஒரு மாலை நேரம் பாருங்கள். யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை, எந்த ஊசியை நீங்கள் பயந்து பயந்து போட்டீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். பதினோராவது நோயாளியை அதற்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.